பாட்டில் பேசும் ‘நான்’: அமெரிக்க நீதிமன்றங்களில் ராப், 1990–2022

ராப் ஒரு கலையா என்ற கேள்விக்கு ரசனை சார்ந்த பதில்கள் ஏராளம். ‘மெட்டு ஏது, வெறும் பேச்சுத்தானே’ என்பவர்களும் ‘இந்தக் காலத்தின் கவிதையே அதுதான்’ என்பவர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். இக்கட்டுரை அந்த வாதத்துக்குள் போகவில்லை. அமெரிக்க நீதிபதிகள் இதே கேள்விக்குச் சட்டப்படி விடை சொல்ல வேண்டிய கட்டாயம் 1990 முதல் பலமுறை நேர்ந்தது. விடையைப் பொறுத்து ஒருவர் வீட்டுக்குப் போவார் அல்லது சிறைக்குப் போவார். அந்தத் தீர்ப்புகளைக் கால வரிசையில் படித்தால் ஒன்று புலப்படுகிறது: ராப்பில் இசை இருக்கிறதா என்பது அங்கே பெரிய சிக்கலாக இருந்ததே இல்லை. பாட்டில் ‘நான்’ என்று பேசுபவனை ஒரு கற்பனைப் பாத்திரமாக ஏற்கத்தான் சட்டம் தயங்கியது.

அந்த ‘நான்’ எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல் தன் தங்கைக்காக ஒரு நடன விருந்தில் இசைத்தட்டுகளை ஓட்டினார். அவருடைய மேடைப் பெயர் கூல் ஹெர்க். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் இளைஞர்கள் வெறிகொண்டு ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் அதையே தொடங்கி, சில நொடித் தாளத்தை நிமிடக்கணக்கில் நீட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். பின்னால் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டின் மேல் வண்ணக் குச்சியால் கோடு போட்டு, ஊசியை எங்கே வைப்பது என்பதைத் துல்லியமாக்கினார். அந்தத் தாளத்தின் மேல் ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பியவர்களின் பேச்சு எதுகையும் சந்தமும் ஏறி ராப் ஆயிற்று.

அந்தப் பேச்சில் தற்பெருமை மிகுதி. ‘என்னைப் போல் எவனுண்டு’ என்பதே அடிப்படைத் தொனி. ஒருவரை ஒருவர் மட்டம்தட்டி விளையாடும் வசைப் போட்டியும், முரடர்களை நாயகர்களாக்கி நீளமாகச் சொல்லும் வாய்மொழிக் கதைப்பாடல்களும் கறுப்பின மக்களிடம் முன்பே வழக்கில் இருந்தவை. அங்கே மிகைப்படுத்துவதுதான் திறமை. சொன்னது உண்மையா என்று கேட்பவர் விளையாட்டு புரியாதவர்.

ராப்பின் முதல் பெரிய வெற்றியிலேயே இந்த ‘நான்’ இரவல் சரக்கு. 1979இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் சுகர்ஹில் கேங் குழுவின் பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகளில் பல, பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியவை. எழுதியவரின் பழைய மேடைப் பெயரைக்கூட மாற்றாமல், எழுத்தெழுத்தாகத் தன் பெயர்போலவே சொல்லிப் பாடியிருக்கிறார் ஹேங்க். 1982இல் சேரி வாழ்வின் அவலத்தைச் சொல்லிப் புகழ்பெற்ற ‘தி மெசேஜ்’ கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வெளியானது. ஆனால் அந்தப் பதிவில் ஃபிளாஷின் பங்கு கிடையாது. பெரும்பகுதியை எழுதியவர் டியூக் பூட்டி என்ற இசைக்கலைஞர். உடன் பாடியவர் மெல்லி மெல். ராப்பில் பேசும் குரலும் எழுதிய ஆளும் ஒன்றே என்ற எண்ணம் பிற்காலத்தில் வழக்குரைஞர்கள் மத்தியில் எப்படி வேரூன்றியது என்பது வியப்புக்குரியது. தமிழ் வாசகருக்கு இதில் குழப்பம் வர நியாயமில்லை. குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி பேசுகிறாள். பாடியவர் கபிலர் என்பதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

நீதிமன்றப் படலம் தொடங்கியது புளோரிடாவில். ‘டூ லைவ் க்ரூ’ என்ற மயாமிக் குழு 1989இல் வெளியிட்ட இசைத்தொகுப்பை ஆபாசம் என்று 1990 ஜூன் மாதம் கூட்டாட்சி நீதிபதி ஹோஸே கொன்சாலெஸ் அறிவித்தார். ஓர் இசைப்பதிவுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அப்படியொரு முத்திரை விழுந்தது அதுவே முதல்முறை. இரண்டு நாட்களில் அதை விற்ற கடைக்காரர் கைதானார். அதே வாரத்தில் ஓர் இரவு விடுதியில் பாடியதற்காகக் குழுவினரும் கைதானார்கள். ஆபாசத்தை அளக்கும் சட்ட அளவுகோல் மூன்று கூறுகள் கொண்டது. 1973இல் ‘மில்லர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. (ஹெர்க்கின் விருந்தும் அதே கோடையில் நடந்தது.) அதன் மூன்றாவது கூறு, படைப்புக்கு இலக்கிய, கலை, அரசியல் அல்லது அறிவியல் மதிப்பு மெய்யாகவே இல்லையா என்று கேட்கிறது. ஆகவே ராப் கலையா என்பது இங்கே சட்டக் கேள்வியாகிவிட்டது.

அந்தத் தொகுப்பு உயர்ந்த படைப்பு அல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்களைப் பற்றிய அதன் பேச்சு கொச்சையானது. சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவது. ராப்புக்காக வாதாடியவர்களுக்கு வாய்த்த முதல் வழக்கு இப்படி அமைந்தது அவர்களுடைய துரதிர்ஷ்டம். ஆனாலும் 1990 அக்டோபரில் குழுவினர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். கறுப்பின வாய்மொழி மரபில் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிக்கும் உத்தி, கேலிக்காகவே மிகைப்படுத்தும் வழக்கம் ஆகியவற்றை அவர் ஜூரிகளுக்கு விளக்கினார். மாறுவேடத்தில் போன காவலர்கள் எடுத்த ஒலிநாடா ஓடியபோது, சிரிக்கலாமா என்று ஜூரிகள் கேட்டு அனுப்ப, நீதிபதி அனுமதி தந்தார். தீர்ப்பு விடுதலை. கேட்ஸின் விளக்கத்தை ஜூரிகள் எவ்வளவு ஏற்றார்கள் என்பது எப்படியிருந்தாலும், அது விளையாட்டு என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

கொன்சாலெஸின் தீர்ப்பை 1992இல் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அது சொன்ன காரணம் இந்த வரலாற்றில் முக்கியமானது. கலை மதிப்பு உண்டு என்று குழுவினர் தரப்பில் இசை விமர்சகர்களும் அறிஞர்களும் சாட்சியம் அளித்திருந்தார்கள். எதிர்த்தரப்பான ஷெரிஃப் (மாவட்டக் காவல்துறைத் தலைவர்) ஒலிநாடாவைத் தவிர எதையும் முன்வைக்கவில்லை. ஒரு நீதிபதி தானே கேட்டுப் பார்த்து, இதில் கலை இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது என்றது மேல்நீதிமன்றம். அதாவது, கேட்கத் தெரிந்த காது வேறு, வெறும் காது வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

இதே குழு 1994இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றது. ராய் ஆர்பிசனின் ‘ஓ, பிரிட்டி வுமன்’ பாட்டை அவர்கள் பகடி செய்திருந்தார்கள். பகடி என்பது பதிப்புரிமைச் சட்டப்படி நியாயமான பயன்பாடு ஆகலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பெழுதிய டேவிட் சூட்டர் இரண்டு பாட்டுகளின் வரிகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நான்காண்டுகளுக்கு முன் கைதான குழுவின் வரிகள் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியில் அச்சாகிவிட்டன. பிறர் பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்தாளும் சாம்பிளிங் முறைக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1991இல் ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிரான தீர்ப்பு, பத்துக் கட்டளைகளில் களவைத் தடுக்கும் கட்டளையோடு தொடங்குகிறது. அதன்பின் நூற்றுக்கணக்கான துண்டுகளை அடுக்கி ஒரு தொகுப்பு செய்வது கட்டுப்படியாகாத செலவாயிற்று. டி லா சோல் குழுவின் 1989ஆம் ஆண்டுத் தொகுப்பு 2023 மார்ச்சில்தான் இணைய ஒலிபரப்புத் தளங்களுக்கு வந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

கல்வி உலகின் அங்கீகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1991இல் மெய்யியலாளர் ரிச்சர்ட் ஷுஸ்டர்மன் ராப்பை நுண்கலையாகக் கொண்டு எழுதினார். 1994இல் ட்ரிஷியா ரோஸின் ‘பிளாக் நாய்ஸ்’ என்ற ஆய்வு நூல் வெளியானது. 2002இல் ‘தி மெசேஜ்’ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதல் 50 பதிவுகளுள் ஒன்றாயிற்று. 2018இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல்முறை. இவ்வளவு மாலை மரியாதை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், குற்றவியல் நீதிமன்றங்களில் நிலைமை வேறாக இருந்தது. பேர்பெற்றவரின் ராப் பரிசுக்குப் போக, பேர்பெறாத இளைஞனின் நோட்டுப் புத்தகம் அரசுத் தரப்புச் சான்றாவணமாகப் போயிற்று.

நியூஜெர்சியில் 2005இல் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓட்டிவந்த காரில் அவர் எழுதிய ராப் வரிகள் கிடைத்தன. அவற்றுள் பல, சம்பவத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டவை. சுடப்பட்டவரைப் பற்றியோ அந்த நிகழ்வைப் பற்றியோ அவற்றில் எந்தக் குறிப்பும் இல்லை. இருந்தும் 13 பக்க வரிகள் ஜூரிகள் முன் வாசிக்கப்பட்டன. தாளம் இல்லை, குரலின் ஏற்ற இறக்கம் இல்லை. போலீஸ் வாக்குமூலம்போல ஒரு பாட்டு. கொலை முயற்சிக்குத் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஒருமனதாக உறுதி செய்தது. ஷெரிஃபைச் சுட்டதாகப் பாப் மார்லி பாடினார், ஒருவனைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் புதைத்ததாக எட்கர் ஆலன் போவின் கதைசொல்லி பேசுகிறான் என்பதற்காக அவர்களைக் கொலையாளிகளாக யாரும் கொள்வதில்லையே என்றது தீர்ப்பு.

மார்லிக்கும் போவுக்கும் கிடைக்கும் இந்தச் சலுகை ராப் எழுதுபவருக்கு ஏன் மறுக்கப்பட்டது? 1996இல் உளவியலாளர் கேரி ஃபிரைட் வெளியிட்ட ஆய்வு விடையைத் தொடுகிறது. காவலர் ஒருவரைச் சுட்டுக் கொல்வதைப் பற்றிக் கிங்ஸ்டன் ட்ரையோ 1960இல் பதிவுசெய்த நாட்டுப்பாடலின் வரிகளை அவர் சிலரிடம் கொடுத்தார். ராப் என்று சொல்லிக் கொடுத்தபோது அதே வரிகள் ஆபத்தானவையாகத் தோன்றின. கன்ட்ரி பாடல் என்று சொல்லிக் கொடுத்தபோது அவ்வளவாகத் தோன்றவில்லை. பாடியவர் கறுப்பினத்தவர் என்று காட்டியபோதும் மதிப்பீடு கடுமையாயிற்று. நீதிமன்றங்களில் அரங்கேறியதும் இந்தப் பாகுபாடுதான் என்பது என் துணிபு.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவானது அல்ல. பென்சில்வேனியாவில் ஒருவர் தன்னைக் கைதுசெய்த இரண்டு காவலர்களின் பெயரையே சொல்லி, அவர்களைக் கொல்வதாகப் பாட்டெழுதினார்; அவர்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவர்கள். அது மெய்யான மிரட்டலே என்று 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கில்லர் மைக் உள்ளிட்ட ராப் கலைஞர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு ஆதரவாக மனு அளித்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. எனக்கு இந்தத் தீர்ப்போடு சண்டை போட மனமில்லை. மெய்ப்பெயரும் நிலுவை வழக்கும் ஒன்றாகச் சேரும்போது பாத்திரம் என்ற திரை மிகவும் மெலிந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டைச் சட்டமாக எழுதிய மாநிலம் கலிஃபோர்னியா. 2022 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பாட்டோ கவிதையோ சான்றாக வரும்போது, அது குற்றம் நடந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்டதா, குற்றத்தோடு போதிய ஒற்றுமை உள்ளதா, பொதுவெளியில் இல்லாத உண்மை விவரம் எதையாவது கொண்டதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். இவை இல்லாவிட்டால் அதன் சான்று மதிப்பு சொற்பமே. ஒருவர் வன்முறையாளர் என்று ஜூரிகள் முடிவு கட்டும் அபாயத்தையும் இனப் பாகுபாடு புகும் அபாயத்தையும் எடைபோட வேண்டும். அந்த வகைப் படைப்பின் மரபுகளையும் உத்திகளையும் பற்றி நம்பகமான சாட்சியம் முன்வைக்கப்பட்டால் அதையும் கருத வேண்டும். 1990இல் கேட்ஸ் சாட்சிக் கூண்டில் நின்று செய்த வேலைக்கு இப்போது சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் அது கலிஃபோர்னியாவின் எல்லைக்குள் மட்டும் செல்லும். 2023 நவம்பரில் ஜார்ஜியாவில், யங் தக் என்ற ராப் கலைஞர் மீதான வழக்கில் அவருடைய பாட்டு வரிகளைச் சான்றாகக் கொண்டுவர நீதிபதி நிபந்தனையோடு அனுமதித்தார்.