எத்தனை மில்லிகிராம்?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியிருந்தார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் கல்லூரி நாள் கலாட்டாக்களைப் பற்றியும் எழுத நம் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு மாத்திரையின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1974-இல் என்னோடு சேர்ந்தவர்களுக்கு மருந்தியல் வைவா மறந்திருக்காது. "அடிசன் நோய்க்கு என்னப்பா கொடுப்பே?" "கார்டிசோன் சார். காலையிலே 25 மில்லிகிராம், சாயங்காலம் 12.5." "சரி, போ." அவ்வளவுதான், பாஸ்! அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நோயாளிதான் என்னைக் கேட்க வைத்தார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தாற்போல் உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். இவை கெட்டுப்போனால் உடல் மெலிந்து, தோல் கறுத்து, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் மனிதன் இறந்துபோகிறான் என்பதை 1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளை வைத்து எழுதினார். பலருக்குக் காசநோய்தான் சுரப்பியை அரித்திருந்தது. மறுவருஷமே பிரௌன்-செக்கார் என்பவர், இந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் விலங்குகள் பிழைப்பதில்லை என்று காட்டினார். நோய் தெரிந்துவிட்டது. மருந்து? அதற்கு முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1930-இல் ஸ்விங்கிள், ஃபிஃப்னர் என்ற இருவர், சுரப்பி நீக்கப்பட்ட விலங்குகளைச் சுரப்பிச் சாற்றினால் உயிரோடு வைத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் ராபர்ட் லோப், உப்பைக் கூட்டிக் கொடுத்தாலே நோயாளிகள் ஓரளவு தேறுவதைக் கண்டார். 1937-இல் ஸ்விட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் குழுவினர் டோக்கா என்ற மருந்தைத் தயாரித்தார்கள். அதை வில்லையாக்கித் தோலுக்கடியில் புதைத்தார்கள். அங்கேதான் அளவுப் பிரச்சினை முதலில் தலைகாட்டியது. கொஞ்சம் கூடிப்போனால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, கால் வீங்கி, இதயமே தளர்ந்தது. குறைந்தால் பழையபடி மயக்கம்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் 1952-இல் வேறொரு செய்தி வந்தது. மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்து வந்த ஒரு மூட்டுவாத நோயாளி, இடுப்பு அறுவைக்குப் பின் ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுருங்கிக் கிடந்தது. ஆரோக்கியமான உடம்பு ஆபத்துக் காலத்தில் கார்டிசாலைத் தானே கூட்டிச் சுரந்துகொள்ளும். அவருடைய உடம்பால் அது முடியவில்லை.

இந்தப் பாடம் ஒரு பிரபலத்துக்கு உதவியது. 1947-இலேயே அடிசன் நோய் என்று கண்டறியப்பட்ட ஜான் கென்னடிக்கு 1954 அக்டோபரில் முதுகெலும்பு அறுவை நடந்தது. ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுத்துத்தான் செய்தார்கள். பிறகு கிருமித் தொற்று வந்து, பாதிரியாரை அழைக்கும் அளவுக்குப் போய்த்தான் பிழைத்தார். 1955-இல் ஓர் அறுவை மருத்துவ இதழ் "37 வயது ஆண்" என்று பெயரில்லாமல் வெளியிட்ட விவரம் அவருடையதுதான் என்பது பின்னாளில் தெரிந்தது.

சரி, சாதாரண நாளில் எவ்வளவு தேவை? எங்கள் காலத்தில் ஹைட்ரோகார்டிசோன் என்றால் காலையில் 20, மாலையில் 10, ஆக 30 மில்லிகிராம். 1991-இல் ஐசோடோப் முறையில் அளந்தபோது, ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரப்பது சுமார் 10 மில்லிகிராம்தான் என்று தெரிந்தது! வாய்வழி கொடுத்தால் வழியில் கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால்கூட 30 அதிகம். வருஷக்கணக்கில் அதிகம் கொடுத்தால் எலும்பு தேயும், எடை கூடும், சர்க்கரை ஏறும். 2016-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 15 முதல் 25 மில்லிகிராம் என்கிறது. அதை இரண்டு மூன்றாகப் பிரித்து, பெரிய பங்கைக் காலையில் கண் விழித்ததும் தரவேண்டும். அளவு சரிதானா என்று அடித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எடை, ரத்த அழுத்தம், தெம்பு, பசி இவற்றைப் பார்த்து, நோயாளி சொல்வதையும் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

இப்போது என் நோயாளி. 1986-இல் சிறிய ஊர் ஒன்றில் கிளினிக் வைத்திருந்தேன். முன்பு காசநோய் வந்து குணமான ஒரு டீச்சரம்மா வந்தார். ஈறு வரைக்கும் கறுத்திருந்தது. ஊறுகாய் ஜாடியை வழித்துத் தின்கிறார் என்றார் கணவர். உப்புக்கு உடம்பு ஏங்குவதும் இந்த நோயின் குணம். அப்போது எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைத்தது பிரெட்னிசோலோன்தான். 10 மில்லிகிராமில் ஆரம்பித்தேன். தெம்பு வந்தது, கூடவே முகமும் உருண்டது. மெதுவாக 5-க்குக் குறைத்தேன். முகம் பழையபடி ஆனது. எனக்கு ஒரே பெருமை!

ஒரு நாள் காய்ச்சலோடு வந்தார். "மாத்திரையைக் கூட்டணுமா டாக்டர்?" என்று கணவர் கேட்டார். "இப்பத்தான் அளவு சரியா நின்னிருக்கு, அதைத் தொடாதீங்க" என்றேன். மறுநாள் ராத்திரி வாந்தி எடுத்து, நினைவு தப்பிய நிலையில் தூக்கி வந்தார்கள். நாடியே கிடைக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டு, சலைன் பாட்டில்களை ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது கண் திறந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நான் நல்லா இருக்கறப்ப அந்த அளவு சரிதான் டாக்டர். நல்லா இல்லாதப்பவும் அதே அளவுதானா?"

1952 முதல் புத்தகங்கள் சொல்லி வந்ததைத்தான் அவர் கேட்டார். நானும் படித்துத்தான் இருந்தேன். ஆனால் எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஸ்டீராய்டு எழுதும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டையும் சேர்த்துத் தந்தேன்: "காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு, கடுமையாக இருந்தால் மூன்று பங்கு. வாந்தி எடுத்தால் உடனே ஊசி. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்."

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, வைவாவில் எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள். வார்டுக்குப் போனதும், "நேத்து எப்படி இருந்தீங்க, இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள். அந்த டீச்சரம்மா அதற்குப் பின் பல வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். அவரிடம் படித்தவர்களில் நானும் ஒருவன்.