'சாங்ஷன்' கிடைத்ததா, விழுந்ததா? உலகச் செய்திகள் வழியாக ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று நண்பர் சொன்னால் ட்ரீட் கேட்போம். "ரஷ்யா மீது சாங்ஷன்ஸ்" என்று செய்தியில் வந்தால் அது தண்டனை. ஒரே சொல்தான். ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் தடை.

ஆங்கிலம் வளர நியூஸ் படிங்க என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தெரியாத சொல்லை அகராதியில் பார்த்துவிடுவோம். 'இது நமக்குத் தெரியுமே' என்று தாண்டிப் போகும் சொல்தான் காலை வாரிவிடும். உலகச் செய்திகளில் அடிக்கடி வரும் சில சொற்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

சாங்ஷன்: பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

இந்திய அலுவலக ஆங்கிலத்தில் சாங்ஷன் என்றால் ஒப்புதல். உலகச் செய்தியில் 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால், பெரும்பாலும் பொருளாதாரத் தடை. 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் புகுந்த இராக் மீது ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் விதித்தது இதைத்தான். 2022-ல் யுக்ரேன் படையெடுப்புக்குப் பிறகு ரஷ்யா மீது மேற்கத்திய நாடுகள் விதித்ததும் இதுவே.

அடையாளம் காண, கூட வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். 'இம்போஸ்' என்றால் விதிப்பது, 'ஈஸ்' என்றால் தளர்த்துவது, 'லிஃப்ட்' என்றால் நீக்குவது. இவை வந்தால் அது தடைதான்.

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு "வெண்டர் சாங்ஷன்ட்" என்று மெயில் போட்டால், அந்த நிறுவனத்துக்குத் தடை விழுந்துவிட்டது என்றே அவர் நினைக்கக்கூடும். 'அப்ரூவ்ட்' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

டாரிஃப்: யார் கட்டுவது?

நமக்கு டாரிஃப் என்றதும் செல்போன் ரீசார்ஜ் பிளான் ஞாபகம் வரும். உலகச் செய்தியில் அது இறக்குமதி வரி. 2025 ஆகஸ்டில் பல இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த டாரிஃப் 50 சதவீதமானது. இந்த வரியை அமெரிக்க அரசுக்குக் கட்டுவது நம் ஏற்றுமதியாளர் அல்ல, அங்கே பொருளை இறக்குமதி செய்பவர்.

அப்புறம் ஏன் திருப்பூர் கவலைப்பட்டது? வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் ஆர்டரை வரி குறைவான வேறு நாட்டுக்குக் கொண்டுபோவார். சொல்லின் பொருள் சரியாகப் பிடிபட்டால் செய்தியின் உள்கணக்கும் புரிந்துவிடும்.

சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ்: எல்லாம் ஒன்றா?

இல்லை. 'சீஸ்ஃபயர்' சண்டையை நிறுத்துவது. 'ட்ரூஸ்' பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான நிறுத்தம். 'ஆர்மிஸ்டிஸ்' முறைப்படி கையெழுத்தாகும் போர்நிறுத்த ஒப்பந்தம். 'பீஸ் ட்ரீட்டி' வந்தால்தான் போர் சட்டப்படி முடிந்தது. கொரியப் போரில் 1953 ஜூலை 27 அன்று ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தானது. பீஸ் ட்ரீட்டி இன்னும் வரவில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் அரசியல் உண்டு. 2025 மே 10 அன்று இந்தியா, பாகிஸ்தான் மோதல் நின்றபோது டிரம்ப் அதை 'சீஸ்ஃபயர்' என்று அறிவித்தார். இந்திய அரசு பயன்படுத்திய சொல் 'அண்டர்ஸ்டாண்டிங்', அதாவது இரு தரப்பும் நேரடியாகப் பேசி வந்த புரிதல். மூன்றாம் நாட்டின் சமரசத்தை ஏற்பதில்லை என்ற நிலைப்பாடு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

தலைப்புச் சொற்களை மெயிலில் போடலாமா?

வேண்டாம். 'ஸ்லாம்ஸ்' என்றால் கடுமையாக விமர்சிப்பது, 'மல்ஸ்' என்றால் யோசிப்பது, 'நாட்' என்றால் ஒப்புதல். இடம் குறைவு என்பதால் தலைப்பில் பயன்படும் குட்டிச் சொற்கள் இவை. "மேனேஜர் ஸ்லாம்ஸ் டீம்" என்று அலுவலகத்தில் எழுதினால் வம்புதான்.

இன்னொன்று: "யு.எஸ். டு இம்போஸ் டாரிஃப்ஸ்" என்ற தலைப்பில் 'டு' என்பது இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. வரி இன்னும் விதிக்கப்படவில்லை. அவசரத்தில் இதைக் கவனிக்காமல் ஃபார்வர்டு செய்பவர்கள் நிறைய.

எப்படிப் பழகுவது?

தினம் பத்துச் செய்தி மேய வேண்டாம். ஒரே உலகச் செய்தியை ஒரு வாரம் தொடருங்கள். அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், தானாகவே மனதில் பதியும்.

முதலில் தமிழில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் படியுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் சொல்லின் மீது கவனம் போகும்.

தனிச் சொல்லைக் குறிக்காதீர்கள். 'இம்போஸ் சாங்ஷன்ஸ் ஆன்' என்று ஜோடியோடு குறியுங்கள். எந்த இடத்தில் 'ஆன்', எந்த இடத்தில் 'அகெய்ன்ஸ்ட்' என்பதும் சேர்ந்தே வந்துவிடும்.

வார இறுதியில் அந்தச் செய்தியை ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள், அல்லது போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். எங்கே தடுக்குகிறதோ, அடுத்த வாரம் கற்க வேண்டிய சொல் அங்கேதான் இருக்கிறது.