விலகாதவர்கள் இணங்கியவர்களா? ஊபரின் இருப்பிட அனுமதி மாற்றம் (2016–17) குறித்து

தனியுரிமை பற்றிக் கவலை தெரிவிப்போர் பலர். அதற்காகச் செயலியைக் கைவிடுவோர் சிலர். இந்த இடைவெளியைக் கொண்டு, வாடகை வண்டி, உணவு விநியோகம் போன்ற உடனடிச் சேவைச் செயலிகளில் அக்கவலை வாய்ச்சொல்லே என்று ஓர் ஆய்வு மரபு முடிவு கட்டியிருக்கிறது. சொல்லையும் செயலையும் ஒப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'செயல்' என்று அம்மரபு எதை அளக்கிறது? பயனர் தொடர்ந்தாரா, விலகினாரா என்பதை மட்டுமே.

இந்த வாசிப்புக்கு மிகவும் வசதியாகத் தோன்றும் நிகழ்வையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 2016 நவம்பரில் ஊபர் தன் செயலியைப் புதுப்பித்தது. ஐபோனில் அதுவரை இருந்த 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற இருப்பிட அனுமதி அகற்றப்பட்டது. 'எப்போதும்', 'ஒருபோதும் இல்லை' என்ற இரண்டே எஞ்சின. வண்டியை அழைத்தது முதல் பயணம் முடிந்து ஐந்து நிமிடம் வரை இருப்பிடத்தைத் திரட்டுவோம் என்றது நிறுவனம். ஏற்றி இறக்குவதைச் செம்மையாக்குவதும் பாதுகாப்பும் அதற்குச் சொன்ன காரணங்கள். பயனர்கள் கூட்டமாக வெளியேறவில்லை. ஆகவே ஏற்றுக்கொண்டார்கள் என்பது வழக்கமான வாசிப்பு.

அனுமதித் திரையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அளவோடு இணங்க விரும்பியவருக்கு அங்கே இடமே இல்லை. 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தேர்ந்தவர் ஏறுமிடத்தைக் கையால் தட்டியே வண்டியை அழைக்க வேண்டும். பயணத்துக்கு மட்டும் அனுமதியைத் திறந்து, இறங்கியதும் அமைப்புகளுக்குள் போய் மூடுவது இன்னொரு வழி. இவ்விருவரும், எதையும் மாற்றாமல் 'எப்போதும்' என்று விட்டவரும், விலகலை மட்டும் எண்ணும் ஆய்வாளரின் அட்டவணையில் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். கவலை அங்கே இல்லாமல் போகவில்லை. அதைப் பதிவுசெய்யும் கட்டம்தான் இல்லை. இத்தகையோர் எத்தனை பேர் என்பதை இந்நிகழ்விலிருந்து கணிக்க முடியாது. அவர்கள் இல்லை என்று கொள்வதற்கும் இது இடம் தரவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017 ஜனவரியில், அமெரிக்க அதிபரின் பயணத் தடையை ஒட்டி நியூயார்க் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊபர் அதில் ஆதாயம் தேடுவதாகக் குற்றம்சாட்டி, செயலியை அழிக்கச் சொல்லும் 'டெலீட் ஊபர்' இயக்கம் வெடித்தது. சில நாள்களில் லட்சக்கணக்கானோர் ஊபரைப் பயன்படுத்துவதை நிறுத்தியதாக நிறுவனமே பின்னர் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அரசியலுக்காக வெளியேறத் தெரிந்தவர்கள் தனியுரிமைக்காக ஏன் வெளியேறவில்லை?

அரசியல் காரணத்துக்காக விலகியவருக்குப் போட்டிச் செயலியான லிஃப்ட் உண்மையான மாற்று. அதே வாரத்தில் அந்நிறுவனம் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமைகள் அமைப்புக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்திருந்தது. ஆனால் லிஃப்டும் வண்டியை அனுப்ப இருப்பிடம் கேட்கும் செயலிதான். ஒரு திரட்டலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கவலைக்குத் தீர்வாகாது. எனவே விலகல் அரசியல் சினத்தை அளக்கலாம். தனியுரிமைக் கவலையை அளக்க அது தகுந்த கருவி அல்ல. அனுமதித் திரையை யாரும் படிப்பதில்லை என்ற மற்றொரு மறுப்பு என்னை அசைக்கவில்லை: படிக்காமல் தட்டுவதை இணக்கம் என்று எண்ணக் கூடாது என்பதற்கே அது துணைநிற்கிறது.

2017 ஆகஸ்டில் ஊபர் பின்வாங்கி, பழைய தெரிவைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்த மாதமே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் தரவுப் பாதுகாப்புப் புகார்களில் அது உடன்பாடு கண்டிருந்தது. பின்வாங்கலுக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும், பயனர்கள் உண்மையிலேயே இணங்கியிருந்தால் பின்வாங்கத் தேவை எழுந்திருக்காது என்பதே என் துணிபு.

விலகலில் தெரியாத கவலை அனுமதி அமைப்புகளில் தெரிகிறதா என்று சோதிக்க வழி உண்டு. 2017 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தெரிவை எல்லாச் செயலிகளுக்கும் கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டில் அது 2019-இல், பத்தாம் பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகளில், ஒரே சேவையை இருவகைத் தொலைபேசிகளில் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுமதிகளை எப்படி அமைத்தார்கள், எத்தனை முறை மாற்றினார்கள் என்பதை ஒப்பிட வேண்டும். இரு தரப்புப் பயனர்களின் வருவாய் வேறுபாட்டை அந்த ஒப்பீடு முதலில் கழித்தாக வேண்டும்.