ஈர்ப்பு விசையும் தீயின் எல்லையும்

1812ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். நிலக்கரிப் படிவிலிருந்து கசிந்த மீத்தேன் காற்றோடு கலந்து தீப்பற்றியதே காரணம். அத்துயரத்தின் தொடர்ச்சியாக 1815இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை சூழ்ந்த காப்பு விளக்கை உருவாக்கினார். அவ்விளக்கின் கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். ஆனால் அதனோடு எழுந்த ஒரு வினாவை நாம் அதிகம் பேசியதில்லை: காற்றில் எத்தனை விழுக்காடு எரிவாயு கலந்திருந்தால் தீ பரவும்?

எளிய வினாதான், எனினும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆய்வாளர்களின் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. தீ 'பற்றுதல்' வேறு, 'பரவுதல்' வேறு என்று தமிழில் நாம் பிரித்தே வழங்குகிறோம். பொறியைச் சுற்றிச் சிறிது எரிந்து அவிவது பரவல் ஆகாது. இவ்வேறுபாட்டை 1914இல் கவர்டும் பிரின்ஸ்லியும் தெளிவாக வரையறுத்தனர். பற்றவைக்கும் இடமும் விடையை மாற்றியது. எரிந்த வாயு சூடேறி எடை குறைகிறது. ஈர்ப்பு விசையால் கனமான குளிர்காற்று கீழிறங்க, சூடான வாயு மேலெழுகிறது. ஆகவே அடியில் பற்றவைத்த தீயை அவ்வோட்டம் சுமந்து செல்லும். உச்சியில் பற்றவைத்த தீயோ அதனை எதிர்த்துக் கீழிறங்க வேண்டும். வலுவற்ற தீக்கு அது இயலாது.

மீத்தேன் கலவையில் தீ மேலேறுவதற்குச் சுமார் 5.3 விழுக்காடு போதும். கீழிறங்க ஏறத்தாழ 6 வேண்டும். ஹைட்ரஜனில் இடைவெளி திகைப்பூட்டுவது: மேலேற 4, கீழிறங்க 9. ஹைட்ரஜன் 6 விழுக்காடு உள்ள கலவையை உச்சியில் பற்றவைத்துச் சோதித்தவர் 'ஆபத்தில்லை' என்றே எழுதியிருப்பார். அதே கலவையின் அடியில் ஒரு பொறி விழுந்தால் தீ மேலேறிவிடும். எண்ணிலே சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டை உயிர்க்காப்பு எல்லையாகவே நாம் கருத வேண்டும். கவர்டும் ஜோன்ஸும் 1952இல் தொகுத்தளித்த, அமெரிக்கச் சுரங்கத் துறை வெளியிட்ட அட்டவணைகளில், செங்குத்தான குழாயின் அடியில் பற்றவைத்துப் பெற்ற அளவுகளுக்கே முதன்மை தரப்பட்டது.

ஈர்ப்பின் பங்கை முற்றும் நீக்கினால் என்னாகும்? 1980களில் பால் ரோனி, கலவை நிரம்பிய கலத்தை உயரத்திலிருந்து விழச்செய்து ஆராய்ந்தார். விழும் சில நொடிகளில், மிக நலிந்த ஹைட்ரஜன் கலவையில் தீ அசையாத சிறு உருண்டைகளாக நின்றது. இத்தகைய உருண்டைகள் கோட்பாட்டளவில் இருக்கக்கூடும் என்று ரஷ்ய அறிஞர் செல்டோவிச் 1944இலேயே கணித்திருந்தார். ஆனால் அவை நிலைக்கா என்றே கருதினார். தீயின் நுனியைத் தளிரோடு ஒப்பிட்டுக் 'கொழுந்து' என்கிறோம்; அங்கே அக்கொழுந்தே இல்லை. 1997இல் கொலம்பியா விண்ணோடத்தில் அவ்வுருண்டைகள் எட்டு நிமிடங்களுக்கு மேல் எரிந்தன. 2003இல் அதே ஓடத்தில் ஆய்வு தொடர்ந்தது. ஓர் உருண்டை ஒரு மணி நேரத்திற்கும் மேலாக எரிந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் அவ்வோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மறைந்தனர். அச்சோதனையின் அளவீடுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது.