கடிதம் வரும் வரையில்



எங்கள் ஊர் சங்கரன்கோவில். ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் எங்கள் ஊரின் முகமே மாறிவிடும். அரியும் அரனும் ஒன்றே என்ற உண்மையை உலகுக்குக் காட்டவேண்டுமென்று கோமதியம்மை புன்னை வனத்தில் தவமிருந்தாள் என்பது தலபுராணம் கூறும் வரலாறு. அத்தவத்தின் பயனாக இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சியளித்த நாளே ஆடித் தபசுத் திருநாள். கொடியேறியதும் மக்கள் கோவிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதற்கு ஆடிச் சுற்று என்று பெயர். காட்சி கிடைக்கும் நாள் வரையில் அவர்கள் சும்மா இருப்பதில்லை, நடந்துகொண்டே இருப்பார்கள்.

காத்திருத்தல் என்ற ஒன்றைப் பற்றி உங்களோடு பேசவேண்டுமென்ற எண்ணம் எனக்கு அண்மையில்தான் உண்டாயிற்று. அதற்குக் காரணமாக இருந்தவள் என்னிடம் பயின்ற ஒரு பெண். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இங்கிலாந்தில் ஒரு நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பம் செய்திருந்தாள். நேர்காணலும் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஐந்து மாதங்களாக ஒரு செய்தியும் இல்லை. ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவள், கால் மணி நேரத்துக்குள் நான்கு முறை தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்.

"இங்கேயே ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலை ஒன்று இருப்பதாகக் கூறினாயே, அது என்னவாயிற்று?" என்று கேட்டேன்.

"வேண்டாமென்று சொல்லிவிட்டேன், ஐயா. நாளைக்கே கடிதம் வந்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்குமே!" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. ஏனெனில், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டேன். நம் பகுதியிலிருந்து ஆசிரியர் பலர் அங்கே சென்றுகொண்டிருந்த காலம் அது. பத்து மாதம் தபால்காரரின் சைக்கிள் மணி ஓசைக்குச் செவி சாய்த்திருந்தேன். விடை வரவேயில்லை. அதனால் எனக்குப் பெரிய நட்டமில்லை. ஆனால், அந்த ஆண்டு என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளைகளில் ஒருவர் பெயராவது இன்று எனக்கு நினைவில் இல்லை. மற்ற ஆண்டுகளின் மாணவர்களை முகம் பார்த்தே பெயர் சொல்லி அழைக்கிறேன். அந்த ஓராண்டு மட்டும் வெற்றிடமாக இருக்கிறது. உடல் வகுப்பறையிலும் உள்ளம் கடலுக்கு அப்பாலும் இருந்தால் வேறு என்ன நடக்கும்? அந்தக் குற்றம் என்னுடையதேயன்றி வேறு யாருடையதும் அன்று.

அவளுக்கு அன்று நான் கூறிய வரலாற்றையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன். அது நம் நெல்லைச் சீமையோடு தொடர்புடையது.

அயர்லாந்து நாட்டின் வடபகுதியில் மில்ஐல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஏமி கார்மைக்கேல் என்னும் பெண் பிறந்தார். மாவு ஆலை நடத்திய குடும்பம் அது. 1885இல் தந்தையார் இறந்தார். அக்காலத்தில் பெல்பாஸ்ட் நகரம் நெசவாலைகள் நிறைந்த நகரமாக இருந்தது. ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. ஒரு சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். அதனால் நாகரிகம் மிக்கவர்கள் அவர்களை அருகில் சேர்ப்பதில்லை. ஏமி அப்பெண்களுக்காகவே வகுப்பு நடத்தினார். கூட்டம் பெருகவே, 1889இல் அவர்களுக்கென்று இரும்புத் தகட்டால் ஒரு பெரிய கொட்டகை எழுப்பினார். பின்னர் மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் சேரியிலும் பணி செய்தார். நரம்பு வலி அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது.

1892ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்று தொண்டு செய்வதென்று அவர் முடிவு செய்தார். சீன உள்நாட்டு மிஷன் என்னும் சங்கத்துக்கு விண்ணப்பித்து, லண்டனில் இருந்த அச்சங்கத்தின் இல்லத்தில் தங்கினார். பயணத்துக்குரிய பொருள்கள் எல்லாம் ஆயத்தமாயின. அந்நிலையில் மருத்துவர் அவர் உடலைச் சோதித்துப் பார்த்தார்; சீனாவுக்குச் செல்லத் தகுதியில்லை என்று கூறிவிட்டார். கட்டிய பெட்டியோடு ஏமி வீடு திரும்பினார்.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வரலாற்று நூல்களைப் படிக்கும்போது, 1892இல் மறுக்கப்பட்டார், 1893இல் ஜப்பான் சென்றார் என்று இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறோம். அவ்விரு வரிகளுக்கும் இடையே எத்தனை காலைப் பொழுதுகள் விடிந்திருக்கும்! இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி எல்லோரிடமும் விடைபெற்றுச் சென்று, பின் எல்லோர் முகத்திலும் மீண்டும் விழிப்பது எளிதான செயலன்று.

அடுத்து அவர் ஜப்பானை நினைத்தார். அங்கே பணி செய்துகொண்டிருந்த பக்ஸ்டன் என்பவருக்குக் கடிதம் எழுதப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் இந்தியாவுக்கு வருவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஜப்பானுக்குச் சென்று விடை திரும்பிவர வேண்டுமானால் மாதங்கள் கழியும். ஏமி அதுவரை பொறுத்திருக்கவில்லை. 1893 மார்ச்சு 3ஆம் நாள் கப்பலேறிவிட்டார். வருக என்ற விடை நடுவழியில் ஷாங்காய்த் துறைமுகத்தில் அவருக்காகக் காத்திருந்தது! விடையை எதிர்நோக்கியவர் சிலரே விடையை எதிர்கொண்டு சென்றிருப்பர்.

ஆனால், ஜப்பானும் நிலைக்கவில்லை. பதினைந்து மாதங்களில் உடல்நலம் கெட்டது. இலங்கைக்குச் சென்றார். அவரை மகளாகப் பாவித்து வளர்த்த முதியவர் ராபர்ட் வில்சன் நோயுற்றார் என்ற செய்தி வந்ததும் 1894ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார். இரண்டு நாடுகள் அவரை ஏற்கவில்லை. மூன்றாவதில் தங்க முடியவில்லை. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு தோழியின் கடிதம் வந்தது. அவ்வூர்க் காற்று உடலுக்கு ஏற்றது என்று அதில் எழுதியிருந்தது. இங்கிலாந்துத் திருச்சபை ஸெனானா மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 1895 அக்டோபரில் புறப்பட்டு நவம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் தாயகம் திரும்பவேயில்லை.

நெல்லைச் சீமைக்கு வந்த ஏமி, தாமஸ் வாக்கர் என்பவரின் துணையோடு தமிழ் கற்றார். சேலை உடுத்தினார், மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1901 மார்ச்சில், பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று அவர் வாழ்க்கையின் திசை மாறிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் அத்தகைய குழந்தைகளுக்காக ஓர் இல்லம் அமைந்தது. 1904ஆம் ஆண்டின் நடுவில் பதினேழு குழந்தைகள் இருந்தனர். பத்தாண்டுகளுக்குள் அத்தொகை நூற்றைக் கடந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1931இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றவர் இருட்டில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அந்நிலையிலும் பல நூல்களை எழுதினார். 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரில் மறைந்தார். அவர் அடங்கிய இடத்தில் பறவைகள் நீருண்ணும் கல் தொட்டி ஒன்றுதான் உண்டு. அதில் தாயைக் குறிக்கும் சொல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் சமயத் தொண்டராகவே வந்தார் என்பதையும், தம் சமயத்தைப் பரப்புதல் அவர் நோக்கமாக இருந்தது என்பதையும் வரலாறு கற்போர் மறைத்தல் கூடாது. அந்நோக்கத்தைப் பற்றி இன்று மாறுபட்ட கருத்துடையோர் உளர். ஆயினும், வீடற்ற ஒரு குழந்தைக்கு வீடு தந்தது வீடு தந்ததே ஆகும்.

இனி, அதே கொடுமையை எதிர்த்துச் சென்னையில் போராடிய ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பாருங்கள். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அதனை முற்றும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது எப்போது? 1947ஆம் ஆண்டில். இடையே இருபது ஆண்டுகள்! சட்டம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் இருந்துவிடவில்லை. வேறு விடுதிகளில் இடம் கிடைக்காத சிறுமியர் சிலர் தம் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். 1930ஆம் ஆண்டையொட்டி இப்படித் தோன்றியதே அவ்வை இல்லம். சட்டம் பிறக்கு முன்பே அச்சட்டத்தின் பயன் ஒரு வீட்டுக்குள் பிறந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஏமிக்குக் கதவடைத்த அதே சீன நாட்டுக்கு 1938ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கப்பலேறினர். ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீன மக்களுக்குக் காங்கிரஸ் மகாசபை அனுப்பிய மருத்துவக் குழு அது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு அன்றைய அரசாங்கம் பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. அவர் இடத்தில் டாக்டர் பாசு சென்றார். அக்குழுவில் சென்ற சோலாப்பூர் இளைஞர் டாக்டர் கோட்னிஸ் 1942 டிசம்பர் 9ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் பெயர் இரு நாடுகளிலும் நிலைத்திருக்கிறது. தடுக்கப்பட்டவரின் பெயரைப் பலரும் அறியார். ஆகவே, மறுப்பெல்லாம் நன்மைக்கே என்று உங்களிடம் நான் கூறமாட்டேன். அது வரலாறு ஆகாது. வெறும் ஆறுதல் ஆகும். சில மறுப்புகள் மறுப்புகளாகவே நின்றுவிடுகின்றன.

அப்படியானால் இவ்வரலாறுகளால் நாம் அறிவது யாது? விடை நம் கையில் இல்லை. மருத்துவர் கையிலும், அரசாங்கத்தின் கையிலும், சட்டமன்றத்தின் கையிலும் அது இருக்கிறது. விடை வரும் வரையில் உள்ள காலமோ முழுவதும் நம்முடையது. அயர்லாந்தில் ஆலைப் பெண்களோடு பழகியவர்தாம் டோனாவூரில் குழந்தைகளோடு பழகினார். தொண்டு செய்யவேண்டுமென்ற ஆசை உண்மையானதானால், அது கடலைக் கடந்த பின்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை.

இவ்வளவையும் கேட்டிருந்த அந்தப் பெண், "அப்படியென்றால் நான் போகவேண்டாம் என்கிறீர்களா, ஐயா?" என்றாள்.

"அப்படிச் சொல்வேனா அம்மா! கடிதம் வந்தால் மகிழ்ச்சியோடு போய் வா. அங்கே உள்ள குழந்தைகளும் குழந்தைகளே. ஆனால், உன் எட்டாம் வகுப்பை நீ மறந்துவிடாதே" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்குப் பின் மீண்டும் வந்தாள். தொண்டு நிறுவனத்து வேலையை ஏற்றுக்கொண்டிருந்தாள். அன்று திண்ணையில் அமரக்கூட அவளுக்கு நேரமில்லை. விசைத்தறிக் கூடம் ஒன்றில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்டிருக்கிறாள். அவனைப் பள்ளியில் மீண்டும் சேர்க்கவேண்டும். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் அவனிடம் இல்லை. என்ன செய்வது என்று கேட்டாள். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுத்தல் கூடாது என்பதை எடுத்துரைத்தேன். தலைமையாசிரியருக்குக் கொடுக்கவேண்டிய விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவள் கைப்பேசி இரண்டு முறை ஒலித்தது. அவள் எடுக்கவில்லை.

இங்கிலாந்துக் கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையனின் பெயரைக் கேட்டேன். உடனே சொன்னாள்.