கோபாலன் கோப்பை

திருநெல்வேலியில் இரவு ரயில் ஏறினால் சென்னையில் இறங்க விடிந்துவிடும். கொழும்போ நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் சொச்சம்தான். தாமிரபரணி போய்ச் சேரும் புன்னைக்காயல் கடலுக்கு எதிர்க்கரை இலங்கை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறினார்கள். தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவின் துறைமுகம். கடை வைக்கவும் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கவும் இந்த ஜில்லாவிலிருந்து அக்கரைக்குப் போன குடும்பங்கள் ஏராளம்.

அந்தத் தீவின் கிரிக்கெட் அணி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உலகக் கோப்பை வரைக்கும் போனது. அந்த ஏற்றத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சுமார் கால் நூற்றாண்டுக் காலம் சேப்பாக்கத்துக்கும் கொழும்புக்கும் இடையே போய்வந்த ஒரு கோப்பையில் அந்தப் பங்கு இருக்கிறது. இன்று பாளையங்கோட்டையில் மட்டை பிடிக்கும் பையன்களிடம் அதன் பெயரைச் சொன்னால் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் 1909-இல் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நல்ல உயரம், வேகப்பந்து. மெட்ராஸில் கிரிக்கெட்டை வளர்த்த ஜான்ஸ்டன் துரை கண்ணில் பட்டு, அவர் உதவியால் பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1935-இல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய்வந்தார். மறுவருடம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது. இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆடவிடவில்லை. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்ததுதான். இப்படி வாய்ப்பு நழுவிய ஒரு மனிதரின் பெயரில், வாய்ப்புக்குக் காத்திருந்த ஒரு தீவுக்காக ஒரு கோப்பை அமைந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கோப்பை வருவதற்கு முன் இலங்கைக்கு வெளிநாட்டு ஆட்டம் என்றால் பெரும்பாலும் கப்பல் நிற்கிற நேரத்து ஆட்டம். 1882-இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. அதிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும். பெரிய வீரர்கள் கரையேறி ஆடிவிட்டு மறுபடி ஏறிவிடுவார்கள். 1948 மார்ச்சில் பிராட்மனே வந்தார். கொழும்பு ஓவலில் கூட்டம் அலைமோதியது. ஆட்டத்தின் நடுவே ஆஸ்திரேலியர்களுக்கு ஏதோ உறுத்தியது. அளந்து பார்த்தால் ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜம்! விருந்தாளி எப்போதாவது வருகிற வீட்டில் ஒழுங்கு அப்படித்தான் இருக்கும். ஆண்டுதோறும் தேதி குறித்து ஒருவன் ஆட வந்தால்தான் எல்லாம் நேராகும்.

அந்த ஆட்டத்தில் இலங்கைக்குத் தலைவர் மகாதேவ சதாசிவம். அவரை இலங்கை பார்த்த மிக அழகான மட்டையாளர் என்று இன்றும் சொல்கிறார்கள். 1947-இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215 ரன்னை நேரில் பார்த்தவர்கள், அந்த மைதானத்தில் அதற்கு ஈடான ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்று சாகும்வரை பேசினார்கள். இலங்கைக் கிரிக்கெட் வாரியம் 1948-இல் அமைந்தபோது முதல் தலைவரானவர் சரவணமுத்து. கொழும்பு ஓவலுக்கு இன்று அவர் பெயர்தான்.

இந்தச் சூழலில்தான் மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் 1952-53 பருவத்தில் கோபாலன் கோப்பையைத் தொடங்கியது. மெட்ராஸும் இலங்கையும் மோத வேண்டும். ஒருமுறை சேப்பாக்கம், ஒருமுறை கொழும்பு. பார்க்கச் சின்ன ஏற்பாடு. ஒரு பக்கம் ஒரு மாநிலம், இன்னொரு பக்கம் ஒரு நாடு. ஆனால் ஆட்டத்துக்கு முதல்தரத் தகுதி இருந்தது. இலங்கைக்குள் நடக்கும் உள்நாட்டுப் போட்டிகளுக்கு அந்தத் தகுதி கிடைத்தது 1988-89-இல்தான். அதுவரை கொழும்பில் ஒருவன் கிளப் ஆட்டத்தில் எத்தனை நூறு அடித்தாலும் உலகத்தின் கணக்கில் அது ஏறாது. கோபாலன் கோப்பையில் அடித்தால் ஏறும். வேறு சுற்றுப்பயணம் இல்லாத ஆண்டுகளில் இலங்கை வீரனுக்கு உலகம் எழுதிவைக்கும் ஆட்டம் இதுதான்.

எதிரே நின்றவர்களும் லேசானவர்கள் அல்ல. மெட்ராஸ் 1954-55-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி. கோபிநாத், கிருபால் சிங், பின்னால் மில்கா சிங், வி. வி. குமார், வெங்கடராகவன் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள் நிறைந்த அணி. குமாரின் லெக் ஸ்பின்னையும் வெங்கட்டின் ஆஃப் ஸ்பின்னையும் சேப்பாக்கத்து வெயிலில் எதிர்கொள்ளக் கற்ற மட்டையாளனுக்கு வேறெந்த மைதானமும் பயம் தராது. ஸ்டான்லி ஜெயசிங்க, மைக்கேல் திசேரா, அனுர தென்னகோன், நீல் சண்முகம் என்று அடுத்தடுத்த தலைமுறைகள் இலங்கைக்கு ஆடிய காலம் இது. இலங்கை இந்தக் கோப்பையை ஜெயித்தும் இருக்கிறது, தோற்றும் இருக்கிறது. ஆனால் மறுவருடம் மறுபடி ஆட்டம் உண்டு என்று தெரிந்து தோற்பது வேறு மாதிரித் தோல்வி. அதில் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது.

அதன் பலன் 1965-இல் தெரிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போன போட் மெயில் பாதையை முடித்துவைத்த சில நாட்களில், ஜனவரித் தொடக்கத்தில், திசேராவின் அணி அகமதாபாத்தில் பட்டோடியின் இந்திய அணியை நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதற்கு டெஸ்ட் அங்கீகாரம் இல்லை. ஆனாலும் இந்தியாவை இந்திய மண்ணில் வென்றார்கள். அதே ஆண்டு இலங்கை சர்வதேச கிரிக்கெட் அமைப்பில் இணை உறுப்பினர் ஆனது.

இந்தப் பக்கம் நாங்கள் எல்லாவற்றையும் காதால் கேட்டோம். தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி சொந்த வானொலிபோல ஒலித்த காலம் அது. அக்கரைக்கும் இக்கரைக்கும் பாலமாக ஒரு குரலே இருந்தது: சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். இலங்கை வானொலி நாடகங்களில் தேறிய குரல். பின்னாளில் அகில இந்திய வானொலியில் தமிழில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை செய்தது. பந்து எங்கே போகிறது என்பதைப் பார்க்காமலே பார்க்கவைத்த தமிழ் அது. நம் ஜில்லாக்காரர் ஒருவர் கொழும்பில் கற்ற தொழிலால் தமிழ்நாட்டுக்குக் கிரிக்கெட்டைச் சொன்னார் என்பதை நெல்லையில் யாராவது பெருமையோடு எழுதிவைக்க வேண்டும்.

மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1972-இல் சிலோன், ஸ்ரீலங்கா ஆயிற்று. பெயர்கள் மாறியும் கோப்பை தொடர்ந்தது. 1975-இல் முதல் உலகக் கோப்பையில் ஓவலில் ஆஸ்திரேலியா 328 எடுத்தது. ஜெஃப் தாம்சனின் பந்தில் அடிபட்டு இலங்கை வீரர்கள் இருவர் வெளியேற நேர்ந்தும் அணி 276 வரை போனது. தோற்றவர்களை உலகம் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தது. 1975-76 பருவத்தோடு கோபாலன் கோப்பையின் பழைய வரிசை நின்றது. அணி கோப்பையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

1979 ஜூனில் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்ததை நான் இந்தக் கோப்பையின் கணக்கில்தான் சேர்ப்பேன். இலங்கை 238, இந்தியா 191-க்குச் சுருண்டது. டெஸ்ட் தகுதி இல்லாத அணியிடம் இந்தியா உலகக் கோப்பையில் தோற்றது. அன்றைய இந்தியத் தலைவர் யார்? வெங்கடராகவன். மெட்ராஸின் சுழலைப் படித்து வளர்ந்த அணி, மெட்ராஸின் தலைசிறந்த சுழல்பந்து வீரர் தலைமையேற்ற நாட்டை வென்றது. 1981 ஜூலையில் இலங்கைக்கு முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது. 1982 பிப்ரவரியில் முதல் டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக, சரவணமுத்து மைதானத்தில். பள்ளிப் பையனாக இருந்த அர்ஜுன ரணதுங்க 54 அடித்தார். அதே மாதம் கொழும்பில் ரூபவாஹினி தொலைக்காட்சியும் தொடங்கியது. விரைவில் அதைப் பிடிக்க நம் கடற்கரை ஊர்களில் மூங்கில் கம்பங்களில் ஆன்டெனாக்கள் உயர்ந்தன.

பிறகு செப்டம்பரில் சேப்பாக்கம். இந்தியாவும் இலங்கையும் மோதிய முதல் டெஸ்ட். அது கோபாலன் கோப்பை நடந்த அதே புல். துலிப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவதில் மறுபடியும் 105. கவாஸ்கர் 155, பாட்டீல் ஆட்டமிழக்காமல் 114. கடைசி நாளில் 175 தேவை என்ற நிலையில் இந்தியா 7 விக்கெட் இழந்து 135-இல் நிற்க, ஆட்டம் டிராவாயிற்று. புது அணி இந்தியாவுக்கு மூச்சு வாங்கவைத்தது. சென்னை ரசிகர்கள் அதற்குக் கைதட்டினார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறையில் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கடலைக் கிரிக்கெட்டால் எளிதாகக் கடக்க முடியவில்லை. ஈழப் போரில் தமிழர்கள் கொல்லப்பட்ட கோபத்தில், 2013-இல் ஐ.பி.எல். ஆட்டங்களுக்காக இலங்கை வீரர்கள் சென்னைக்கு வர முடியாத நிலைகூட வந்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த துக்கம் உண்மையானது. ஒரு விளையாட்டு அதை ஆற்றிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்து உலகக் கோப்பையை வாங்கித் தந்தபோதும், மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முரளிதரன் 2010-இல் காலியில் 800-வது விக்கெட்டை எடுத்தபோதும், இங்கே பலர் கைதட்டவும் முடியாமல் கண்ணை எடுக்கவும் முடியாமல் இருந்தார்கள். 2000-த்துக்குப் பிறகு கோபாலன் கோப்பையைக் கொழும்பு மாவட்டச் சங்கத்தோடு ஆடிப் பார்த்தார்கள். அது வேர் பிடிக்கவில்லை.

இப்போது சங்கர் நகருக்கு வருகிறேன். திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1946-இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், தாமிரபரணிக் கரைக் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசாமியும் எழுப்பிய நிறுவனம். ஐயர் பெயரில்தான் சங்கர் நகர். அந்த நிறுவனம் 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கியபின், அதில் மூன்று பருவம் பந்து வீசியவர் முரளிதரன். ஆலையை ஒட்டிய மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் நடக்கிறது. 2023 இறுதி ஆட்டமே அங்கேதான். நெல்லை அணி கோவையிடம் தோற்றது. ஆனாலும் அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பையன்கள் மாநிலத்தின் இறுதி ஆட்டத்தைத் தங்கள் ஊர்ப் பேருந்தில் போய்ப் பார்த்தார்கள்.

ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். சொந்த மண்ணில் ஆட முடியாத அணிக்குக் கிரேட்டர் நொய்டாவும் டேராடூனும் லக்னோவும் வீடு கொடுத்தன. 2017-இல் டெஸ்ட் தகுதி பெற்ற அணி, 2023 அக்டோபர் 23 அன்று அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பக்கத்து வீட்டார் ஆடுகளம் கொடுத்தால் ஒரு நாட்டு அணி எழுந்து நிற்கும் என்பதை இலங்கைக்குப் பின் உலகம் இரண்டாவது முறை பார்த்தது. ஆனால் முதலில் செய்து காட்டியவர்கள் நாம். அதை நாமே மறந்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் சென்ட் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெரும்போர் இன்றும் நடக்கிறது. மத்திய கல்லூரியில் லெக் ஸ்பின் கற்ற வியாஸ்காந்த் இலங்கைக்கும் ஆடினார், 2024-இல் ஐ.பி.எல்.லிலும் ஆடினார். அவருக்குப் பின்னால் வடக்கிலும் மலையகத்திலும் இருக்கும் பையன்களுக்கு வெளியூர் ஆட்டம் வேண்டும். நம் மாவட்டப் பையன்களுக்கும் வேண்டும். கோபாலன் கோப்பை மறுபடி வரட்டும். இம்முறை சேப்பாக்கத்தில் வேண்டாம். சென்னைக்கும் கொழும்புக்கும் வேறு ஆட்டங்கள் போதுமான அளவு இருக்கின்றன. பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட தென்மாவட்ட அணி ஒரு பக்கம். யாழ்ப்பாணமும் கண்டியும் மட்டக்களப்பும் கலந்த அணி ஒரு பக்கம். மூன்று நாள் ஆட்டம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆடுகளம் காயும் பிப்ரவரியில் வைக்கலாம். முதல் வருடம் சங்கர் நகரில் நடத்திவிட்டு, மறுவருடம் நம் பையன்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டும்.