சோர்வு ஒண்ணுதான், நோய் வேற! நாள்பட்ட சோர்வு நோய்க்கும் டிப்ரெஷனுக்கும் உடலில் என்ன வித்தியாசம்?

ஆறு மாசமா தீராத அசதி. தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கு. ரத்தப் பரிசோதனை நார்மல். இப்படி வருபவர்களிடம் "எல்லாம் மனசுதான், தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். டிப்ரெஷனுக்கு அது நல்ல ஆலோசனை. ஆனால் எம்.ஈ/சி.எஃப்.எஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் இருந்தால், அதே ஆலோசனை ஆளைப் படுக்கையில் தள்ளிவிடலாம்.

மேடு ஏறினால் என்ன ஆகும்?

கொல்லிமலை செம்மேடு பக்கம் மிளகுத் தோட்டத்துக்கு மேடு ஏறிப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். டிப்ரெஷன் என்றால் கிளம்பவே மனசு வராது. போய்விட்டால் பலருக்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். சோர்வு நோயில் இது தலைகீழ். போக ஆசை இருக்கும், போயும் வருவார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்புவலி, தலைசுற்றல், யோசிக்கவே முடியாத மந்தம் என்று முடங்கிவிடுவார். அது வாரக்கணக்கில்கூட நீடிக்கும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த வீழ்ச்சியைத்தான் நோயின் முக்கிய அடையாளமாகச் சொன்னது.

அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்த பல ஆய்வுகளில், இவர்களின் உடல்திறன் இரண்டாம் நாள் குறைந்தது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை.

ஹார்மோன் சொல்வது என்ன?

கடுமையான டிப்ரெஷனில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பலருக்கு அதிகமாக இருக்கும். சோர்வு நோயில் சராசரியாகச் சற்றுக் குறைவு. ஆனால் இது கூட்டமாகப் பார்க்கும்போது தெரிகிற கணக்கு. ஒரு தனி ஆளின் கார்டிசாலை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குவதும், எழுந்து நின்றாலே படபடப்பதும் சோர்வு நோயில் அதிகம். 2025-ல் பிரிட்டனின் டீகோட்எம்இ ஆய்வு 8 மரபணுப் பகுதிகளை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. அவை டிப்ரெஷனோடு பொதுவானவை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

அதுக்காக எல்லா அசதியும் இந்த நோய் இல்லை. கோவாவில் 2,494 பெண்களிடம் நடந்து, 2005-ல் வெளியான ஆய்வில் 12.1% பேர் நாள்பட்ட அசதி இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே வறுமையும் மன உளைச்சலும்தான் அதோடு சேர்ந்து வந்தன; ரத்தசோகை அல்ல. ஒருவருக்கே இரண்டு நோயும் இருக்கவும் வாய்ப்புண்டு.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் டாக்டரைப் பார்ப்பவர், வேலை செய்த நாளையும் அடுத்த இரண்டு நாள் நிலைமையையும் எழுதி எடுத்துப் போவது நல்லது. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை இல்லை என்று முதலில் உறுதி செய்யணும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைச் சோர்வு நோய்க்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது. மனசு பாரமாக இருந்தால் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம்.